வகுப்பறைச் செயல்நிலை ஆய்வு: திருகோணமலை ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் என நமது மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன. அவற்றில் தமிழ்மொழி மூலம் கற்பிக்கும் ஆசிரியர்களோடு செயல்நிலை ஆய்வு பற்றிப் பேச அமரும்போதெல்லாம் ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான் எழுகின்றன. வகுப்பறையில் பல ஆண்டுகள் நின்றும், பின்னர் பிற ஆசிரியர்களின் வகுப்பறைகளில் பின்வாங்கில் அமர்ந்தும் நான் கற்றுக்கொண்டதைக் கொண்டு அவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். ஆய்வைச் செய்யப்போகும் ஆசிரியருக்கும், அவருக்குத் துணைநிற்கப்போகும் ஆசிரிய ஆலோசகருக்கும், அதிபருக்கும் இது பயன்பட வேண்டும் என்பது என் விருப்பம்.

செயல்நிலை ஆய்வு என்றால் என்ன? நாங்கள் ஒவ்வொரு நாளும் செய்வதுதானே?

பாதி உண்மை. ஒரு பாடம் பிள்ளைகளுக்கு விளங்கவில்லை என்று கண்டதும் மறுநாள் வேறு விதமாகக் கற்பித்துப் பார்க்காத ஆசிரியர் இல்லை. செயல்நிலை ஆய்வு அந்தப் பழக்கத்திலிருந்துதான் முளைக்கிறது. ஆனால் அன்றாட முயற்சியில் நாம் எதை மாற்றினோம், யாருக்கு விளங்கியது, யாருக்கு விளங்கவில்லை என்பவற்றை எழுதி வைப்பதில்லை. ஆகவே அடுத்த ஆண்டு அதே பாடம் வரும்போது மீண்டும் தொடக்கத்திலிருந்தே தடுமாறுகிறோம். தன் வகுப்பில் தானே கண்ட ஒரு சிக்கலைக் குறுக்கி வரையறுத்து, அதற்குரிய சான்றுகளைத் திரட்டி, கற்பித்தலில் ஒரு மாற்றத்தைத் திட்டமிட்டுச் செய்து, அதன் விளைவை மீண்டும் சான்றுகளோடு பார்த்து, அதிலிருந்து அடுத்த மாற்றத்தைத் தீர்மானிக்கும் ஒழுங்கான முயற்சியையே செயல்நிலை ஆய்வு என்கிறோம். ஆய்வு செய்பவரும் கற்பிப்பவரும் ஒருவரே என்பதுதான் அதன் தனித்தன்மை.

இந்த முறை எங்கிருந்து வந்தது?

ஜேர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த சமூக உளவியலாளர் கேர்ட் லெவின் 1946 இல் எழுதிய ஒரு கட்டுரையில் இக்கருத்தை விளக்கினார். அவருடைய அக்கறை பாடசாலை பற்றியதன்று. சிறுபான்மைச் சமூகங்கள் எதிர்கொண்ட பிரச்சினைகள் பற்றியது. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த ஸ்டீபன் கோரி 1950களின் முற்பகுதியில் அதைப் பாடசாலைகளுக்குக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் லோரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975 இல், கலைத்திட்ட விருத்தி என்பது ஆசிரியர் தம் வகுப்பறையைத் தாமே ஆராய்வதில்தான் தங்கியுள்ளது என்று வாதிட்டார். திட்டமிடல், செயற்படல், அவதானித்தல், மீளச் சிந்தித்தல் என்று நமது கைந்நூல்களில் சுருள்வடிவமாக வரையப்படும் படம், அவுஸ்திரேலியாவின் ஸ்டீபன் கெமிஸ், ரொபின் மக்டகார்ட் ஆகிய இருவரின் பெயர்களோடு 1980களில் பரவியது. சமூகத்தில் குரல் குறைந்தவர்களின் சிக்கலைத் தீர்க்கப் பிறந்த முறை இது என்பதைப் பயிற்சிப் பட்டறைகளில் யாரும் சொல்வதில்லை. வகுப்பில் பின்வாங்கில் பேசாமல் இருக்கும் பிள்ளையை நினைக்கும்போது எனக்கு அந்த வரலாறு முக்கியமாகத் தோன்றுகிறது.

கல்வியியற் கல்லூரியில் ஒரு முறை செய்தேன். மீண்டும் செய்ய ஏன் கைவருவதில்லை?

கட்டுறுப் பயிற்சிக் காலத்திலோ பட்டப்பின் கல்வி டிப்ளோமாவிலோ நம்மில் பலர் ஒரு செயல்நிலை ஆய்வு அறிக்கையைச் சமர்ப்பித்திருக்கிறோம். அதில் நாம் உண்மையில் பயின்றது அறிக்கை எழுதும் திறனை. அத்தியாயத் தலைப்புகள், அட்டவணைகள், பட்டை வரைபுகள், உசாத்துணைப் பட்டியல் ஆகியவை மனத்தில் பதிந்தன. சிக்கலைக் கூர்ந்து காண்பதும், பிள்ளையின் விடையிலிருந்து அவன் சிந்தனையைப் படிப்பதும், தன் கற்பித்தலைத் தானே ஐயுறுவதும் பதியவில்லை. என் முதல் அறிக்கையிலும் அதுவே நடந்தது: பின்சோதனையில், அதாவது புதிய முறையில் கற்பித்த பின்னர் வைத்த சோதனையில், புள்ளிகள் உயர்ந்திருந்தன, நானும் மகிழ்ந்தேன், ஆனால் எந்தப் பிள்ளை எதனால் முன்னேறினான் என்று ஒருவர் கேட்டிருந்தால் என்னிடம் விடை இருந்திருக்காது. அந்தக் கேள்வியை அப்போது யாரும் என்னிடம் கேட்கவில்லை என்பதுதான் இன்றுவரை எனக்குள்ள வருத்தம்.

ஆய்வுச் சிக்கலை எவ்வாறு தெரிவு செய்வது?

பெரும்பாலான ஆய்வுகள் இந்த இடத்திலேயே தவறிவிடுகின்றன. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். “தரம் 6 மாணவர்களின் தமிழ் எழுத்துத் திறனை மேம்படுத்தல்” என்பது ஆய்வுச் சிக்கல் அன்று, ஒரு நல்ல எண்ணம் மட்டுமே. எழுத்துத் திறன் என்பதற்குள் எழுத்துப்பிழை, வாக்கிய அமைப்பு, கருத்தொழுங்கு, சொல்வளம், கையெழுத்து என்று பல உள்ளன. அவை ஒவ்வொன்றும் வேறு காரணத்தால் வருவன, வேறு மருந்தை வேண்டுவன.

பிள்ளைகளின் கொப்பிகளை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு மாலைப்பொழுது முழுவதும் திருத்தாமல் வெறுமனே வாசித்துப் பாருங்கள். சிவப்புப் பேனையை எடுக்க வேண்டாம். எந்தப் பிழை எந்தச் சொல்லில் வருகிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். லகர, ளகர, ழகர மயக்கம் அதிகமாக உள்ளது என்று கண்டால் அங்கும் நின்றுவிடாதீர்கள். நம் பேச்சில் பல வீடுகளில் ழகரமும் ளகரமும் ஒரே ஒலியாகவே வருகின்றன. ஆகவே “வாளைப்பழம்” என்று எழுதும் பிள்ளை காதில் கேட்டதை உண்மையாகவே எழுதுகிறது. ஆனால் லகரத்தை நாம் தெளிவாக வேறுபடுத்தியே ஒலிக்கிறோம். “பல்லி” என்பதைப் “பள்ளி” என்று எழுதும் பிள்ளையின் சிக்கல் வேறு. முதற்பிள்ளைக்குச் சொல்லின் வடிவத்தைக் கண்ணில் பதிக்கும் பயிற்சி வேண்டும், இரண்டாம் பிள்ளைக்கு ஒலியையும் எழுத்தையும் இணைக்கும் பயிற்சி வேண்டும். இரண்டையும் “எழுத்துப்பிழை” என்ற ஒரே பெட்டியில் இட்டு, அனைவருக்கும் சொல்வதெழுதுதல் கொடுத்தால் ஒரு தவணை வீணாகும்.

இவ்வாறு குறுக்கிய பின்னர் மூன்று கேள்விகளால் அதைச் சோதியுங்கள். இதை மாற்றுவது என் கையில் இருக்கிறதா? ஆறு அல்லது எட்டு வாரங்களில் ஏதாவது மாற்றத்தைக் காண முடியுமா? மாற்றம் வந்தது என்பதை நான் எதைக் கொண்டு அறிவேன்? பெற்றோரின் வறுமை, வெளிநாட்டில் வேலை செய்யும் தாய், வீட்டில் மின்சாரம் இல்லாமை ஆகியவை உண்மையான காரணங்களே. அவற்றை நாம் அறிந்திருக்கத்தான் வேண்டும். எனினும் அவற்றை ஆய்வுச் சிக்கலாக எடுத்துக்கொண்டால் ஆய்வின் முடிவு பெற்றோரைக் குறைகூறுவதாகவே அமையும். அந்த வீட்டுச் சூழலிலிருந்து வரும் பிள்ளைக்கு, பாடசாலையில் நம்மோடு இருக்கும் ஒரு பாடவேளைக்குள் நாம் எதை மாற்ற முடியும் என்று கேட்பதே நமக்குரிய கேள்வி.

ஓர் எடுத்துக்காட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை சொல்ல முடியுமா?

ஒரு கற்பனை வகுப்பை எடுத்துக்கொள்வோம். நிலாவெளிப் பக்கத்தில் கடலோரப் பாடசாலை ஒன்று, தரம் 4, 28 பிள்ளைகள். கழித்தலில் பிள்ளைகள் பின்தங்கியிருக்கிறார்கள் என்று ஆசிரியை உணர்கிறார். பத்துக் கழித்தற் கணக்குகளைக் கொண்ட ஒரு சிறு சோதனையைத் தயாரிக்கிறார்: கடன் வாங்கத் தேவையில்லாதவை மூன்று, கடன் வாங்க வேண்டியவை நான்கு, மேல் எண்ணில் பூச்சியம் வருபவை மூன்று. முதல் வகையை 26 பேர் சரியாகச் செய்கிறார்கள். இரண்டாம் வகையை 19 பேர். மூன்றாம் வகையை 7 பேர் மட்டுமே. “கழித்தல் தெரியாது” என்றிருந்த சிக்கல் இப்போது “பூச்சியம் உள்ள எண்ணிலிருந்து கழிக்கத் தெரியாது” என்று குறுகிவிட்டது.

அடுத்ததாக அவர் பிழையான விடைகளைப் பார்க்கிறார். 402 இலிருந்து 178 ஐக் கழிக்கும் கணக்கில் பலரின் விடை 376. இது கவனக்குறைவால் வரும் எண் அன்று. ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்தால் 376 வரும்: எட்டிலிருந்து இரண்டு போக ஆறு, ஏழிலிருந்து பூச்சியம் போக ஏழு, நான்கிலிருந்து ஒன்று போக மூன்று. ஒரு பிள்ளையை அருகில் இருத்தி, “இந்தக் கணக்கை எப்பிடிச் செய்தனீங்கள் எண்டு எனக்குச் சொல்லுங்கோ பாப்பம்” என்று கேட்கிறார். “ரெண்டிலை எட்டுப் போகாது டீச்சர், அதாலை எட்டிலை இருந்து ரெண்டைக் கழிச்சனான்” என்று பிள்ளை சொல்கிறது. பிள்ளையிடம் ஒரு விதி இருக்கிறது. அது பிழையான விதி, ஆனால் ஒழுங்காகப் பின்பற்றப்படும் விதி. கணக்குகளை மேலும் மேலும் கொடுப்பதால் அந்தப் பிழையான விதி உறுதிப்படுமேயன்றி மாறாது என்பதை ஆசிரியை இங்கே உணர்கிறார்.

தலையீடாக, அதாவது சிக்கலைத் தீர்க்கத் திட்டமிட்டுச் செய்யும் மாற்றமாக, அவர் தென்னோலை ஈர்க்குகளை எடுக்கிறார். பத்து ஈர்க்குகள் ஒரு கட்டு, பத்துக் கட்டுகள் ஒரு பெருங்கட்டு. 402 ஐ நான்கு பெருங்கட்டுகளாகவும் இரண்டு தனி ஈர்க்குகளாகவும் பிள்ளைகள் வைக்கிறார்கள். பத்தின் இடத்தில் எடுக்க ஒன்றும் இல்லை. ஒரு பெருங்கட்டை அவிழ்த்துப் பத்துக் கட்டுகளாக்கி, அவற்றில் ஒன்றை அவிழ்த்துப் பத்துத் தனி ஈர்க்குகளாக்கினால் மூன்று பெருங்கட்டுகள், ஒன்பது கட்டுகள், பன்னிரண்டு தனி ஈர்க்குகள். அதிலிருந்து 178 ஐ எடுத்தால் 224 மிஞ்சும். வாரத்துக்கு மூன்று நாள், பாடவேளையின் முதல் 15 நிமிடங்கள் என்று இரண்டு வாரம் இதைச் செய்கிறார். ஒவ்வொரு நாளும் பாடம் முடிந்ததும் நாட்குறிப்பில் நான்கைந்து வரிகள் எழுதுகிறார்.

பின்னர் அதே வகையான வேறு கணக்குகளைக் கொண்டு சோதிக்கிறார். பூச்சியம் உள்ள கணக்குகளை இப்போது 18 பேர் சரியாகச் செய்கிறார்கள். ஆய்வு இங்கே முடிந்துவிட்டதாக நினைப்பது பெருந்தவறு. மீதிப் பத்துப் பேரின் பெயர்களை வரவு இடாப்போடு ஒப்பிடுகிறார். அறுவர் முதல் இரண்டு நாளும் பாடசாலைக்கு வரவில்லை. மற்ற நால்வரும் வந்தவர்கள், ஈர்க்குகளைக் கொண்டு சரியாகச் செய்பவர்கள். கொப்பியில் எழுதும்போது மட்டும் பழைய விதிக்குத் திரும்புகிறார்கள். ஆகவே இரண்டாம் சுற்றில் அறுவருக்கு ஈர்க்குப் பயிற்சியும், நால்வருக்கு ஈர்க்குக் கட்டுகளைப் படமாக வரைந்து அருகில் எண்ணை எழுதும் இடைப்படியும் தேவை. நான்கு வாரம் கழித்து முன்னறிவித்தல் இன்றி மீண்டும் மூன்று கணக்குகள் கொடுத்து, கற்றது நிலைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இதில் எதற்கும் பணமோ கணினியோ தேவைப்படவில்லை.

எவ்வகையான தரவுகள் வேண்டும்?

ஒன்றுக்கு மேற்பட்ட திசைகளிலிருந்து வருபவை வேண்டும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் சோதனை, பிழைகளின் பகுப்பு, பிள்ளையோடு பேசியது, நாட்குறிப்பு, வரவு இடாப்பு ஆகிய ஐந்தும் தரவுகளே. சோதனைப் புள்ளிகள் எத்தனை பேர் என்பதைச் சொல்லின; ஏன் என்பதைப் பிள்ளையின் வாய்ச்சொல் சொன்னது; யார் விடுபட்டார்கள் என்பதை இடாப்புச் சொன்னது. வினாக்கொத்து மட்டும் வேண்டாம் என்று நான் ஒவ்வொரு குழுவிடமும் கேட்டுக்கொள்கிறேன். “ஆசிரியர் இப்போது கற்பிக்கும் முறை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?” என்று ஆசிரியரே நீட்டும் தாளில் “இல்லை” என்று எழுதத் துணியும் பத்து வயதுப் பிள்ளை அரிது.

நாட்குறிப்பில் என்ன எழுதுவது?

கண்டதையும் கேட்டதையும் முதலில் எழுதுங்கள். அதைப் பற்றி நினைத்ததைப் பிறகு, வேறு நிற மையில் எழுதுங்கள். “கவனமில்லாமல் இருந்தான்” என்பது தீர்ப்பு. “பத்து நிமிடத்தில் நான்கு முறை யன்னலுக்கு வெளியே பார்த்தான், இரண்டு முறை பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்தான்” என்பது அவதானிப்பு. பின்னதை எழுதிய ஆசிரியருக்கு, அந்தப் பிள்ளைக்குக் கரும்பலகை தெரியவில்லையோ என்ற ஐயம் எழ வாய்ப்புண்டு. முன்னதை எழுதியவருக்கு அது எழாது.

புள்ளிவிபரவியல் தெரியாமல் இதைச் செய்ய முடியுமா?

முடியும். எண்ணவும், அட்டவணையிடவும், சராசரியும் வீச்சும் (மிகக் கூடிய புள்ளிக்கும் மிகக் குறைந்த புள்ளிக்கும் உள்ள வேறுபாடு) காணவும் தெரிந்தால் போதும். 28 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளை ஏறத்தாழ 3.6 சதவீதம், ஆகவே “7 சதவீத முன்னேற்றம்” என்று எழுதினால் அது இரண்டு பிள்ளைகளைத்தான் குறிக்கிறது. சதவீதத்தைவிட “28 பேரில் 7 பேர், பின்னர் 18 பேர்” என்று எழுதுவதே நேர்மையானது. சராசரியும் மறைக்கும் தன்மையுடையது: நன்றாகச் செய்யும் பிள்ளைகள் இன்னும் நன்றாகச் செய்ததால் சராசரி உயர்ந்திருக்கலாம், நாம் யாருக்காக ஆய்வைத் தொடங்கினோமோ அந்தப் பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருக்கலாம். பிள்ளைவாரியான அட்டவணை ஒன்றை வைத்திருப்பது இதற்குத்தான்.

ஒப்பிடுவதற்கு ஒரு கட்டுப்பாட்டுக் குழு (புதிய முறையில் கற்பிக்கப்படாத பிள்ளைகளின் குழு) வைக்க வேண்டுமா?

தேவையில்லை. பயன்தரும் என்று நாமே நம்பும் ஒரு முறையை வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே மறுப்பது ஆசிரியர் செய்யத்தக்க காரியமன்று. 4ஏ வகுப்பை 4பி வகுப்போடு ஒப்பிடுவதும் ஆசிரியர், நேரசூசி, பிள்ளைகள் என அனைத்தும் வேறாக இருப்பதால் எதையும் நிறுவாது. உங்கள் முடிவு எல்லா வகுப்புகளுக்கும் பொருந்தும் என்று நீங்கள் சொல்லப்போவதில்லை; இந்த வகுப்பில், இந்தச் சூழலில், இது நடந்தது என்றே சொல்லப்போகிறீர்கள்.

யாரிடம் அனுமதி பெற வேண்டும்? பிள்ளைகளின் பெயர்களை எழுதலாமா?

அதிபரிடம் எழுத்துமூலம் அறிவித்து அனுமதி பெறுங்கள். வழமையான கற்பித்தலுக்குள் அடங்காத எதற்கும், குறிப்பாக ஒலிப்பதிவுக்கும் புகைப்படத்துக்கும், பெற்றோரின் சம்மதம் வேண்டும். அறிக்கையில் பெயருக்குப் பதில் குறியீட்டெண்களைப் பயன்படுத்துங்கள். சிறிய ஊரில் அதுவும் போதாது. “தந்தை கடலில் இறந்துபோன தரம் 4 மாணவி” என்று எழுதினால் ஊர் முழுவதற்கும் அந்தப் பிள்ளை யாரென்று தெரிந்துவிடும். போரினாலும் 2004 ஆழிப்பேரலையினாலும் இழப்புகளைச் சுமந்த குடும்பங்கள் வாழும் மாவட்டம் இது. பிள்ளையின் வீட்டுத் துயரம் ஆய்வுக்கு இன்றியமையாததாக இருந்தாலன்றி எழுத வேண்டியதில்லை. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்றுறுதிப்படுத்தியது. தம்மைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைகளுக்கு உண்டு என்று அதன் 12 ஆம் உறுப்புரை கூறுகிறது. எனவே நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பிள்ளைகளுக்கும் அவர்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லிவிட வேண்டும்.

புகைப்படங்களை வட்ஸ்அப் குழுக்களில் பகிர வேண்டாம்.

எங்களுக்கு நேரம் எங்கே இருக்கிறது?

நகரத்தில் வசித்துக்கொண்டு 50 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள புல்மோட்டைக்கு அன்றாடம் பேருந்தில் போய்வரும் ஆசிரியரிடம் “மாலையில் ஆய்வு செய்யுங்கள்” என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆய்வு கற்பித்தலுக்குள்ளேயே நடக்க வேண்டும். நீங்கள் எப்படியும் திருத்தப்போகும் கொப்பிகளே தரவுகள். எப்படியும் வைக்கப்போகும் கணிப்பீடே முன்சோதனை. மேலதிகமாகத் தேவைப்படுவது நாளொன்றுக்குப் பத்து நிமிட நாட்குறிப்பும், வாரம் ஒரு பிள்ளையோடு ஐந்து நிமிடப் பேச்சும். இதற்கு மேல் நேரம் எடுத்தால் உங்கள் சிக்கல் இன்னும் போதிய அளவு குறுகவில்லை என்று கொள்ளுங்கள்.

அதிபர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆய்வு செய்யும் ஆசிரியருக்கு வாரத்தில் ஓர் ஓய்வுப் பாடவேளையையாவது பதிற்கடமை இன்றி விட்டுக்கொடுங்கள்.

ஆண்டின் எந்தக் காலத்தில் தொடங்குவது நல்லது?

இந்த மாவட்டத்தில் இதைக் காலநிலையும் தொழிலும் தீர்மானிக்கின்றன. ஒக்டோபர் இறுதியிலிருந்து சனவரி வரை வடகீழ்ப் பருவமழை. வெருகல், மூதூர்ப் பக்கங்களில் வெள்ளம் வந்தால் வரவு சரிந்துவிடும், சில பாடசாலைகள் தங்குமிடங்களாகவும் மாறிவிடும். கிண்ணியா, மூதூர் முஸ்லிம் பாடசாலைகளில் ரமழான் விடுமுறையை ஒட்டித் தவணை அட்டவணை வேறுபடும். தம்பலகாமத்தில் அறுவடை நாட்களிலும், கரையோரத்தில் மீன்பிடி மும்முரமாகும் காலத்திலும் மூத்த பிள்ளைகள் வீட்டில் நின்றுவிடுவதுண்டு. ஆறு வாரம் குழப்பமின்றிக் கிடைக்கும் ஒரு காலத்தை உங்கள் பாடசாலையின் கடந்த ஆண்டு வரவு இடாப்பிலிருந்தே கண்டுபிடியுங்கள்.

சக ஆசிரியரின் உதவி அவசியமா?

அவசியம் என்றே சொல்வேன். நம் கண்ணுக்கு நம் வகுப்பு பழகிப்போயிருக்கும். நான் யாரிடம் அதிகமாகக் கேள்வி கேட்கிறேன் என்பதை வகுப்பின் இருக்கை வரைபடத்தில் ஒருவர் புள்ளியிட்டுக் காட்டியபோதுதான், யன்னலோர வரிசையிலிருந்த பிள்ளைகளை நான் ஏறத்தாழ மறந்தே போயிருந்தேன் என்று எனக்குத் தெரிந்தது. அவதானிக்க வருபவரிடம் எதைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அவர் பார்த்ததை மட்டும் சொல்லட்டும். “நீங்கள் இப்படிச் செய்திருக்க வேண்டும்” என்பதை நீங்கள் கேட்டாலொழியச் சொல்லாதிருக்கட்டும். அடுத்த வாரம் நீங்கள் அவருடைய வகுப்பில் அமருங்கள். ஒருவர் மட்டுமே எப்போதும் பார்க்கப்படுபவராக இருந்தால் அது மேற்பார்வையாகிவிடும்.

மூன்று நான்கு ஆசிரியர்களே உள்ள பாடசாலையில், இரண்டு தரங்களை ஒன்றாக வைத்துக் கற்பிக்கும் எனக்கு இது பொருந்துமா?

பொருந்தும், உண்மையில் பல்தர வகுப்புக்கு எழுதப்பட்ட வழிகாட்டல்கள் மிகக் குறைவு என்பதால் உங்கள் ஆய்வே பிறருக்கு வழிகாட்டலாகக் கூடும். “நான் தரம் 3 உடன் பேசும் 20 நிமிடமும் தரம் 2 என்ன செய்கிறது?” என்பது ஒரு முழுத் தவணைக்குப் போதுமான கேள்வி.

ஆசிரியர்களுக்கு இத்திறனை வளர்க்க விரும்பும் ஆசிரிய ஆலோசகர் எவ்வாறு தொடங்க வேண்டும்?

இரண்டு நாள் பயிற்சிப் பட்டறையால் இது நடக்காது என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். அத்தகைய பல பட்டறைகளில் நான் அமர்ந்திருக்கிறேன், சிலவற்றை நடத்தியுமிருக்கிறேன். முதல் நாள் வரைவிலக்கணங்கள், இரண்டாம் நாள் ஆய்வு முன்மொழிவு மாதிரி, மாலையில் சான்றிதழ். ஒரு மாதம் கழித்து வகுப்பறையில் எதுவும் மாறியிருக்கவில்லை. நீச்சலைக் கரையிலிருந்து விளக்கியது போன்ற பயிற்சி அது.

அதற்குப் பதிலாக ஆறு முதல் எட்டு ஆசிரியர்களைக் கொண்ட சிறு குழு ஒன்றை அமைத்து, ஒரு தவணை முழுவதும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆசிரியர் மத்திய நிலையத்திலோ குழுவிலுள்ள ஒருவரின் பாடசாலையிலோ, பாடசாலை விட்ட பின்னர் ஒன்றரை மணிநேரம் சந்தியுங்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு திறனை மட்டும் எடுங்கள். முதல் சந்திப்புக்கு அனைவரும் தம் வகுப்பின் பத்துக் கொப்பிகளைக் கொண்டுவரட்டும். பிழைகளை வகைப்படுத்துவதைக் குழுவாகச் செய்யுங்கள். ஒருவர் “கவனக்குறைவு” என்று ஒதுக்கிய பிழையில் மற்றொருவர் ஒரு விதியைக் காண்பார். பெரும்பாலான ஆசிரியர்களின் முகம் மாறுவது அந்தக் கணத்தில்தான். இரண்டாம் சந்திப்பில் கேள்வியைக் குறுக்குதல். மூன்றாவதில் பிள்ளையோடு பேசிப் பழகுதல்: ஒரு ஆசிரியர் பிள்ளையாக நடிக்க மற்றவர் கேள்வி கேட்கட்டும். விடையைச் சொல்லிக்கொடுத்துவிடாமல் கேட்டுக்கொண்டிருப்பது எவ்வளவு கடினம் என்பது அப்போது விளங்கும். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர்களே அதிகமாகத் தடுமாறுகிறார்கள், ஏனெனில் விளக்கிச் சொல்வது அவர்களின் இரத்தத்தில் ஊறியிருக்கிறது.

சந்திப்புகளுக்கு இடையில் ஆலோசகர் ஒவ்வொருவரின் வகுப்புக்கும் ஒரு முறையாவது போக வேண்டும். போகும்போது மேற்பார்வைப் படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகக்கூடாது. அலுவலகத்திலிருந்து ஒருவர் வருகிறார் என்றாலே ஆசிரியர் தம் மிகச் சிறந்த பாடத்தை நடத்திக் காட்டுவார், சிக்கலைக் காட்டமாட்டார். “இந்தக் குழுவில் காண்பதும் கேட்பதும் எவரது மதிப்பீட்டு அறிக்கைக்குள்ளும் போகாது” என்ற உறுதியை முதல் சந்திப்பிலேயே கொடுத்து, அதைக் கடைசிவரை காப்பாற்ற வேண்டும். ஒரு முறை அது மீறப்பட்டால் குழு சிதறிவிடும். அவ்வாறு சிதறிய ஒரு குழுவை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்வேன்: வழிநடத்துபவரும் ஓர் ஆய்வைச் செய்ய வேண்டும். கற்பிக்க வகுப்பு இல்லையென்றால் தாம் நடத்தும் சந்திப்புகளையே அவர் ஆராயலாம். யார் பேசினார்கள், யார் பேசவில்லை, எந்தப் பயிற்சி வகுப்பறைக்குள் போய்ச் சேர்ந்தது என்பவற்றை அவர் குறித்து வைத்துக் குழுவின்முன் வாசிக்கும்போது, தவறைச் சொல்ல மற்றவர்களுக்கும் துணிவு வரும்.

தலையீடு பயன் தராவிட்டால்?

பயன் தரவில்லை என்று எழுதுங்கள், ஏன் என்று நீங்கள் கருதுவதையும் எழுதுங்கள். குழுநிலைக் கற்றலை முயன்று, ஒவ்வொரு குழுவிலும் ஒரே பிள்ளை வேலையைச் செய்ய மற்றவர்கள் பார்த்திருந்தார்கள் என்று கண்டால், அது அதே முறையை நாளை முயலப்போகும் அயல் பாடசாலை ஆசிரியருக்குப் பெறுமதியான செய்தி.

அறிக்கையை எவ்வளவு நீளமாக, எந்த மொழியில் எழுதுவது?

பரீட்சைக்கோ டிப்ளோமாவுக்கோ எனில் நிறுவனம் தரும் கட்டமைப்பைப் பின்பற்றுங்கள். சக ஆசிரியர்களுக்கு எனில் நான்கு பக்கம் போதும்: வகுப்பு எப்படிப்பட்டது, எதைக் கண்டேன், எதை மாற்றினேன், என்ன நடந்தது, யார் இன்னும் பின்தங்கியிருக்கிறார்கள். பிள்ளைகளின் கொப்பியிலிருந்து இரண்டு மூன்று விடைகளை அப்படியே சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் கற்பிக்கும் தமிழிலேயே எழுதுங்கள். கலைச்சொல் ஒன்று தயக்கம் தந்தால் அதை ஒரு வாக்கியமாக விரித்து எழுதிவிடுங்கள்.

பதவி உயர்வுக்காகவும் பாடநெறிக்காகவும் பிறரின் அறிக்கையைப் பிரதி செய்கிறார்களே?

செய்கிறார்கள். தட்டச்சு நிலையங்களில் ஆயத்த அறிக்கைகள் விலைக்குக் கிடைக்கும் நிலையும் இருக்கிறது. ஒரு முறை, நான் பார்த்திராத ஒரு மலையகப் பாடசாலையின் பெயர் நடுப்பக்கத்தில் மாற்றப்படாமல் விடப்பட்டிருந்த அறிக்கை ஒன்று என் கைக்கு வந்தது. எனக்குக் கோபத்தைவிடத் துயரமே மிகுந்தது, ஏனெனில் அந்த ஆசிரியரை நான் அறிவேன். பிள்ளைகளிடம் மிகுந்த அன்புள்ளவர். தம் வகுப்பில் தாம் அன்றாடம் காண்பதற்கு ஆய்வு என்று பெயர் சொல்லும் தகுதி இல்லை என்று அவர் நம்பியிருந்தார். அறிக்கையின் அட்டையையும் பக்க எண்ணிக்கையையும் பார்த்துப் புள்ளியிடுவதை விட்டு, ஆசிரியரை நேரில் இருத்தி “மூன்றாம் வாரத்தில் என்ன நடந்தது? நாட்குறிப்பைக் காட்டுங்கள்” என்று பத்து நிமிடம் பேசினால் இந்தப் பழக்கத்தின் பெரும்பகுதி நின்றுவிடும்.

ஆய்வின் முடிவைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டுமா?

சொல்லுங்கள். கழித்தல் எடுத்துக்காட்டில் வரும் ஆசிரியை, 376 என்ற விடையைக் கரும்பலகையில் எழுதி, அதை எழுதியவர் யாரென்று சொல்லாமல், “இந்த விடை எப்பிடி வந்திருக்கும்?” என்று வகுப்பைக் கேட்கலாம். அந்த விடையை எழுதிய பிள்ளைகளே பெரும்பாலும் முதலில் கையை உயர்த்துவார்கள்.